எண்ணெயில் கை நனைக்காத தாள்

எங்கள் ஆலையின் டெக்னிக்கல் மேனேஜர் சிவசாமி சார் காகிதத்தை நக்கித்தான் தரம் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்த்து, பாவம், இந்த மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அடுத்த வாரம் நானும் நக்கிக்கொண்டிருந்தேன்.

வடமதுரைக்குப் போகும் சாலையில் இருந்த சிறிய காகித ஆலை அது. அதன் பரிசோதனைக் கூடத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவள், தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் சென்ற மாதம் போன் செய்தார்கள். “மேடம், புளோரின் இல்லாத தாள் வேணும்னு எல்லாப் பார்ட்டியும் கேக்குறாங்க. நம்ம ஆலையில நீங்கள்லாம் அப்பவே நிறுத்திட்டீங்களாமே. எப்படி நிறுத்துனீங்க?”

“பிரியாணி சாப்பிட்டு” என்றேன்.

சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார்கள். நான் சொன்னதில் பொய்யில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேதியியல் பட்டதாரி. கல்லூரியில் படித்த எதுவும் ஆலையில் முதல் சில மாதங்களுக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூழ் கலக்கும் தொட்டிக்கும் தாள் ஓடும் இயந்திரத்துக்கும் இடையில் ஓடி ஓடி, செருப்பெல்லாம் கூழ் அப்பிக் காய்ந்து கெட்டியானதுதான் என் பயிற்சிக் காலம். மிச்சத்தைச் சிவசாமி சாரிடம் கற்றேன்.

அவருக்குப் பழனிப் பக்கம் கீரனூர். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, சத்தம் போட்டுப் பேசியறியாத வாய். கடைநிலைத் தொழிலாளியையும் “ஏனுங்க” என்றுதான் அழைப்பார். ஓடிக்கொண்டிருக்கும் தாள் நடுவில் அறுந்துபோனால் மற்ற ஆலைகளில் மேனேஜர்கள் குதிப்பார்கள். இவர் மெதுவாக நடந்து போய், “ஏனுங்க, என்ன ஆச்சுங்க?” என்று கேட்பார். அந்தக் கேள்வி ஆபரேட்டருக்கா இயந்திரத்துக்கா என்று எங்களுக்குள் நெடுநாள் சர்ச்சை இருந்தது.

நக்கும் முறையைச் சொல்கிறேன். உருளையிலிருந்து தாளின் மூலையைக் கிழிப்பார். நாக்கின் நுனியை மட்டும் அதில் ஒற்றிக் கண்ணை மூடிக்கொள்வார். எழுதும் தாளில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு பிசின் சேர்ப்பது வழக்கம். பிசின் சரியாக இருந்தால் நாக்கு ஒட்டாது. பிசின் இல்லாத தாள் நாக்கின் ஈரத்தை உறிஞ்சி அப்படியே பிடித்துக்கொள்ளும். கருவியில் வைத்துப் பார்த்தாலும் அதே முடிவுதான் வரும், கொஞ்சம் தாமதமாக.

“நாக்கு பொய் சொல்லாதுங்க ஸ்டெல்லா” என்பார். “பேசுறப்ப மட்டுந்தானுங்க சொல்லும்.”

தொண்ணூறுகள் முடியும் நேரத்தில் எங்கள் ஆலைக்கு நீல நிற டிரம்கள் வந்தன. உள்ளே பால் மாதிரி ஒரு திரவம். அதில் கொஞ்சத்தைத் தாளின் மேல் பூசி உலர்த்தினால் எண்ணெய் இறங்காது என்றார் கொண்டுவந்த விற்பனைப் பிரதிநிதி. அது புளோரின் சேர்ந்த ரசாயனம். அன்று அந்தப் பெயர் எங்களுக்கு முக்கியமாகப் படவில்லை. மாலை கேன்டீன் பஜ்ஜியை அந்தத் தாளில் வைத்தோம். ஆலையில் பாதிப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். பஜ்ஜியைத் தூக்கிய பிறகு தாளின் அடிப்பக்கம் காய்ந்த மாதிரியே இருந்தது. கூழ் கலக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்ட கருப்பையா அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது தாளா, தாமரை இலையா?” என்றார். அவர்தான் அதற்கு ‘வழுக்குத் தாள்’ என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்தது.

வழுக்குத் தாளைச் சோதிக்க எனக்குத் தனியாக ஒரு மரப்பெட்டி கொடுத்தார்கள். அதில் எண் போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருக்கும். முதல் குப்பியில் வெறும் விளக்கெண்ணெய். எண் ஏற ஏற விளக்கெண்ணெய் குறைந்து, பெட்ரோல் மாதிரி ஊடுருவும் திரவங்கள் கூடும். கடைசிக் குப்பியில் எண்ணெயே இருக்காது. தாளின் மேல் ஒரு சொட்டு விட வேண்டும். கொஞ்சம் பொறுத்துப் பஞ்சால் துடைக்க வேண்டும். கீழே கறுத்த புள்ளி தெரிந்தால் தாள் தோற்றது. எந்தக் குப்பிவரை தாக்குப்பிடிக்கிறதோ அந்த எண்தான் அதற்கு மார்க். எங்கள் தாள் நல்ல மார்க் வாங்கிற்று. நானே பரீட்சையில் அப்படி வாங்கியதில்லை.

மிட்டாய்க் கடை, பேக்கரி, பரோட்டாக் கடை எல்லாம் அதைக் கேட்டன. ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட தாள்களை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனோம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். தோல்பையில் டிக்கெட் கட்டோடு வடையையும் போட்டுக்கொள்வார். அதுவரை வடமதுரை டிக்கெட்டுகள் எல்லாம் வடை வாசத்தோடுதான் பயணிகளுக்குப் போயின. வழுக்குத் தாள் வந்ததும் டிக்கெட் தப்பித்தது. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு முறுக்கும் அதிரசமும் அதில்தான் மடித்துக் கொடுத்தேன்.

ஆலையில் இன்னொரு சரக்கும் ஓடியது. கை துடைக்கும் மெல்லிய தாள். அதற்கு முன்பு மெஸ்களில் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் குத்திவைத்திருப்பார்கள். கை துடைத்தவன் விரலில் அரசியல் ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் தாள் அதை மாற்றியது. அதில் முதல் வாடிக்கையாளர் திண்டுக்கல்லில் பிரியாணி மெஸ் நடத்திய பேச்சியம்மாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து ஒரு மதியம், அந்தம்மா ஆட்டோவில் ஆலைக்கு வந்து இறங்கினார். ஒரு கையில் டிபன் கேரியர், மறு கையில் எங்கள் தாள் கட்டு. நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து என் மேசையிலிருந்த தராசை ஓரமாக நகர்த்திவிட்டு இலையை விரித்தார்.

“நான் சண்டை போட வரல சார். செத்த நேரம் உக்காந்து சாப்பிடுங்க. அம்புட்டுத்தான்” என்றார் சிவசாமி சாரிடம்.

பிரியாணியும் மட்டன் சுக்காவும். சார் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு இலை வந்தது. தரமான சாப்பாடு. முடித்ததும் அந்தம்மா எங்கள் தாளை நீட்டி, “கழுவக் கூடாது. இதுல துடைங்க” என்றார்.

சார் துடைத்தார். விரலில் இருந்த எண்ணெய் தாளுக்குப் போகாமல் பக்கத்து விரலுக்குப் போயிற்று. இன்னொரு தாள் எடுத்தார். எண்ணெய் உள்ளங்கைக்கு இறங்கியது. அதற்கடுத்த தாளில் மணிக்கட்டுக்கு வந்து வாட்சைத் தொட்டது.

“பாத்தீங்களா? எண்ணெயில கை நனைக்க மாட்டேங்குது உங்க தாளு. வேண்டாத சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி ஒதுங்கி நிக்குது” என்றார் பேச்சியம்மாள். “வர்றவுக எல்லாம் மேசைத் துணியில துடைக்கிறாக. ஒருத்தரு கல்லா பக்கத்துல தொங்குன காலண்டருல துடைச்சிட்டுப் போயிட்டாரு. முருகன் படம் சார். முகமெல்லாம் சுக்கா.”

சார் தயங்கித் தயங்கி, “எண்ணெய் கொஞ்சம் தூக்கலாப் போச்சுங்களா?” என்றார்.

“என் எண்ணெய் என்னைக்கும் போல அதே எண்ணெய்தான். உங்க தாளுதான் மாறிப்போச்சு.”

அவர் போன பிறகு சார் தாளை நாக்கில் ஒற்றினார். நாக்கைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரை நன்றாகக் குடிக்கிற தாள். குறையே இல்லை. “நல்லாத்தானுங்க இருக்குது” என்று தாளையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் பிசின் தவறிக் கலந்துவிட்டதோ என்று குழாய்களையெல்லாம் கழுவினோம். இல்லை. கூழை மாற்றினோம். தாள் படுத்துப் போகும் கம்பளியை இறக்கித் துவைத்தோம். குறை எதற்கும் அசையவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சோதனை வேண்டுமே. தேங்காய் எண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு தாளில் துடைத்துக்கொண்டிருப்போம். அந்த நாட்களில் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்தவர்கள் இது சலூனா என்று சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஒரு நாள் மரப்பெட்டியை மூடப்போன நான், சும்மா ஒரு சொட்டு விளக்கெண்ணெயைக் கை துடைக்கும் தாளில் விட்டேன். எண்ணெய் இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கை துடைக்கும் தாளுக்கு யாரும் செய்வதில்லை. எண்ணெயைக் குடிப்பதுதானே அதன் பிழைப்பு. சொட்டு அப்படியே நின்றது. அடுத்த குப்பி. அதுவும் நின்றது. சாரைக் கூப்பிட்டேன். அவர் முன்னால் இன்னொரு குப்பியிலிருந்து விட்டேன். தயங்கித் தயங்கித்தான் இறங்கியது.

சார் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “பிசின்னா தண்ணியத் தள்ளுமுங்க. இது தண்ணியக் குடிச்சுட்டு எண்ணெயத் தள்ளுது. அப்படியொரு சாமான் இந்த ஆலையில ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது.” இரண்டு பேரும் சன்னல் வழியாக நீல டிரம்மைப் பார்த்தோம். நாக்கு பொய் சொல்லவில்லை. அதனிடம் நாங்கள் தண்ணீரைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தோம்.

கூழ்த் தொட்டிக்குப் போனோம். கருப்பையா அண்ணன் ஒளிக்க எதுவும் இல்லாதவராகச் சொன்னார்: “ஒரு துண்டு வீணாகக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீக. வழுக்குத் தாளுல அறுந்தது, ஓரம் வெட்டுனது எல்லாத்தையும் திரும்பக் கரைச்சுக் கை துடைக்கிற தாளுக்குத்தான் போடுறேன். ஆர்டர் கூடக் கூட அதுவும் கூடிப் போச்சு.”

ஆலையில் கழிவுத் தாளைத் திரும்பக் கரைப்பது பாவமல்ல, புண்ணியம். அதுதான் சிக்கலாயிற்று. சார் என்னைப் புதுக் கூழில் சின்னச் சல்லடை வைத்துக் கையால் ஒரு தாள் செய்யச் சொன்னார். நல்ல தண்ணீரில் செய்த தாள் எண்ணெயை உடனே குடித்தது. அதே கூழில், இயந்திரத்திலிருந்து வடிந்து சுற்றிவரும் தண்ணீரை எடுத்து இன்னொன்று செய்தேன். அதில் எண்ணெய்ச் சொட்டு சற்றே யோசித்து நின்று, பிறகு இறங்கியது.

அந்த யோசனைதான் சாரை உலுக்கியது. “தண்ணியிலயே இருக்குதுங்க” என்றார். அந்தத் தண்ணீரில் மிஞ்சியது குட்டையில் தெளிந்து, வாய்க்கால் வழியாக முதலாளியின் தென்னந்தோப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

கழிவுத் தாளைக் கலப்பதை அன்றே நிறுத்தினோம். இயந்திரத்தையும் தொட்டிகளையும் கழுவி, தண்ணீரை மாற்றி, புதிதாக ஓட்டிய தாளைப் பேச்சியம்மாளுக்கு அனுப்பினோம். எண்ணெய் இப்போது தாளில் ஒட்டுகிறது என்று சொல்லி அனுப்பினார். முருகன் காலண்டரையும் மாற்றிவிட்டாராம். கதை அத்தோடு முடிந்திருக்கலாம்.

சில வாரங்கள் கழித்து அந்த விற்பனைப் பிரதிநிதி வந்தார். பழைய சரக்கு இனி வராது, பதிலுக்கு வேறொன்று கொண்டுவந்திருக்கிறேன் என்றார். ஏன் என்று சார் கேட்டார். வெளிநாட்டில் அதைத் தயாரித்தவர்களே நிறுத்திக்கொண்டார்கள் என்றும், அது மனிதர்களின் ரத்தத்தில் தங்குவது தெரியவந்ததாகவும், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“யாரு ரத்தத்துலங்க? அதைச் செய்யுற ஆளுங்களுக்கா?”

“அவங்களுக்கும் இருக்கு சார். அந்த மருந்தையே பாக்காத சாதாரண ஜனங்க ரத்தத்துலயும் இருக்காம்.”

“எப்பங்க போகும்?”

“சீக்கிரம் போகாது சார். லேசுல எதுவும் அதை உடைக்காது. அதான அதோட சிறப்பே.” பழக்க தோஷத்தில் விற்கும் குரலிலேயே சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் டீயைப் பார்த்தார்.

“இப்பக் கொண்டாந்திருக்கிற புதுசு ரத்தத்துல தங்காதுங்களா?”

“அப்படி எதுவும் இதுவரைக்கும் கண்டுபிடிக்கல சார்.”

“தங்கலீங்களா, தேடலீங்களா?”

பிரதிநிதி டீயைக் குடித்து முடித்தார்.

அன்றிலிருந்து சார் காகிதத்தை நக்குவதில்லை. பழக்கத்தில் கை உதடுவரை போகும். அங்கே நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கும். எனக்கு என் நாக்கைப் பற்றிக் கவலையில்லை. மகளின் முறுக்கும் அதிரசமும்தான் கண்முன் வந்துகொண்டிருந்தன. வீட்டு அலமாரியில் அடுக்கிவைத்திருந்த வழுக்குத் தாளையெல்லாம் கட்டி ஆலைக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். “இனி வடையை எதுல வைக்கிறது?” என்று கேட்ட வீட்டுக்காரரிடம், “வயித்துல வைங்க” என்றேன். சிரித்தார். அன்று எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சார் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், இன்ன ரசாயனம் என் ரத்தத்தில் இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். சர்க்கரை, உப்பு, கொழுப்பு பார்ப்போம், இதெல்லாம் இங்கே பார்க்க வழியில்லை என்று சொல்லி, வந்ததுக்கு அதையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டார்கள். கொழுப்பு கூடியிருந்தது. அறிக்கையை என்னிடம் காட்டி, “இது டிரம்முங்களா, பேச்சியம்மா பிரியாணிங்களா? யாருகிட்டங்க கேக்குறது?” என்றார். பல வருடம் கழித்து, அந்த ரசாயனங்களுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் தைராய்டுக்கும் தொடர்பு இருப்பதாகப் படித்தபோது சாரின் அந்த முகம் நினைவுக்கு வந்தது. நானும் இன்று தைராய்டு மாத்திரை போடுகிறவள்தான். என் தெருவில் காகித ஆலைப் பக்கமே போகாத பெண்கள் பலரும் போடுகிறார்கள். எனக்கு எதனால் வந்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

வழுக்குத் தாளை நிறுத்திவிடலாம் என்று சார் முதலாளியிடம் சொன்னார். முதலாளி கெட்டவர் அல்ல. ஆனால் ஆலையில் நன்றாக ஓடுகிற சரக்கு அதுதான். “சட்டம் தடுக்குதா?” என்று கேட்டார். இல்லை. “அப்ப ஓடட்டும், புது மருந்துதான் வந்திருச்சே” என்றார்.

சார் வாதாடவில்லை. ஆனால் வழுக்குத் தாளின் கழிவைக் கரைக்கக் கூடாது என்பதில் மட்டும் அசையவில்லை. அது சேர்ந்துகொண்டே போயிற்று. கிடங்கு நிறைந்தது. சைக்கிள் நிறுத்தும் இடம் நிறைந்தது. தொழிலாளிகள் வீட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த கட்டுகளும் சேர்ந்தன. கடைசியில் கருப்பையா அண்ணன் முதலாளியின் கார் நிற்கும் கொட்டகையில் அடுக்க ஆரம்பித்தார். யார் சொல்லி அடுக்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டபோது சார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். அதற்குத் தெரிந்திருக்கலாம்.

கொட்டகையில் இடமில்லாமல் வெயிலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்து, சூடு தாங்காமல் அலறிய முதலாளி, எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். “என்ன சிவசாமி இது? எரிச்சிர வேண்டியதுதான?”

“சாதாரண நெருப்புல முழுசா அழியாதுங்களாம். புகையோட போய் எங்கயாச்சும் இறங்குமுங்க.”

“அப்பப் புதைங்க.”

கருப்பையா அண்ணன் பணிவாகக் கேட்டார்: “எங்க முதலாளி புதைக்க? நம்ம தோப்புலயா?”

தோப்பு என்றதும் முதலாளியின் முகம் மாறியது. அவருடைய மகள் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். தினமும் காலையில் தோப்பிலிருந்து அவளுக்கு இளநீர் போய்க்கொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆலைத் தண்ணீர் எங்கே பாய்கிறது என்பது அவருக்கும் தெரியும். இரண்டையும் அதுவரை அவர் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை.

குரலை இறக்கி, “இளநியில வருமா?” என்று கேட்டார்.

வரும் என்று சொல்லியிருந்தால் அதட்டியிருப்பார். வராது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். சிவசாமி சார் இரண்டையும் சொல்லவில்லை.

“தெரியாதுங்க” என்றார். “பாக்குறதுக்கு இங்க வழியும் இல்லீங்க.”

முதலாளி தாள் கட்டுகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு, “கையில இருக்குற ஆர்டரை முடிச்சிட்டு நிறுத்திருங்க” என்றார். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி, “முடிக்கக்கூட வேணாம்” என்றார்.

வழுக்குத் தாள் அன்றோடு நின்றது. தோப்புக்கு ஆலைத் தண்ணீர் போகும் மதகை அடைத்தார்கள். வேலை குறைந்து ஒரு ஷிப்ட் படுத்தது. அந்தக் கஷ்டத்தை விளையாட்டாக எழுத எனக்கு மனம் வரவில்லை. கூழை நெடுநேரம் அரைத்து அரைத்து இழைகளை நெருக்கினால் மருந்தில்லாமலே தாள் ஓரளவுக்கு எண்ணெயைத் தாங்கும் என்பது காகிதத் தொழிலில் பழைய சங்கதி. அதற்கு மின்சாரமும் பொறுமையும் வேண்டும். பலமுறை தோற்று, குப்பிச் சோதனையில் மட்டமான மார்க்கோடு ஒரு தாள் செய்தோம். பஜ்ஜியைச் செத்த நேரம் தாங்கும். அதற்குள் தின்றுவிட வேண்டும். “பஜ்ஜிய வச்சுக்கிட்டு எவன் காத்திருக்கான்?” என்றார் பேச்சியம்மாள். முதல் ஆர்டர் அவருடையதுதான். பழைய கட்டுகள் தார்ப்பாயில் சுற்றிக் கிடங்கிலேயே கிடந்தன.

முதலாளியின் மகளுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. மனிதர் மகிழ்ச்சி தாங்காமல் டவுன் மிட்டாய்க் கடையிலிருந்து லட்டுப் பெட்டிகளை வரவழைத்து, ஆலை முழுக்கத் தானே நடந்து கொடுத்தார். பரிசோதனைக் கூடத்துக்கும் வந்து எங்கள் முன் ஒரு பெட்டியைத் திறந்தார். நெய் மணம் தூக்கியது. லட்டுகளுக்கு அடியில் பளபளவென்று ஒரு தாள். அதன்மேல் நெய் சின்னச் சின்ன உருண்டையாக நின்றது, இறங்கவில்லை.

முதலாளியும் பார்த்துவிட்டார். “எந்த ஆலைத் தாளு இது?” என்றார். கேட்கும்போதே கோபம்.

சிவசாமி சார் தாளின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் கம்பளியின் நெசவு அதில் தடமாக இருந்தது. எனக்கும் தெரிந்தது.

“நம்முளுதுதானுங்க” என்றார். “போன வருசம் வித்தது.”

முதலாளி லட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கருப்பையா அண்ணன் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் வைத்தார். நாங்களும் எடுத்துத் தின்றோம், நல்ல லட்டு. கடைசியில் அந்தத் தாளை நெய் சிந்தாமல் எடுத்து மடித்தார். குப்பைக் கூடையிடம் போனார். போடாமல் திரும்பினார். சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு, அதை என்ன செய்வதென்று தெரியாமல், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போனார்.